முதல் வகுப்பு லவுஞ்ச்: ஊரிலிருந்து கிளம்பும் அப்பா அம்மாவுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்குச் சென்னை–துபாய்–நியூயார்க் எமிரேட்ஸ் முதல் வகுப்பில் டிக்கெட் போட்டிருக்கிறேன். மதுரை–சென்னை தனி டிக்கெட். துபாயில் நாலரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமானம் ஏறும்வரை காத்திருக்கும் லவுஞ்சில் காசு கேட்பார்களா, வேட்டியோடு உள்ளே விடுவார்களா, அங்கே போய் என்ன செய்வது என்று அப்பா தினமும் கேட்கிறார். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். முழங்கால் வலி வேறு. வீல்சேர் கேட்டிருக்கிறேன். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், கூடப் போக ஆள் இல்லை. என்ன சொல்லி அனுப்பலாம்?

பதில்:

அப்பாவின் இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காசு கேட்க மாட்டார்கள். வேட்டி சட்டையோடு தாராளமாகப் போகலாம். லவுஞ்சுகளில் உடை விதி என்று இருப்பதெல்லாம் இரவு உடுப்பு, கிழிந்த பனியன், வெறுங்கால் போன்றவற்றைத் தடுக்கத்தான். சில நாடுகளில் ரப்பர் செருப்பையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே காலுக்கு நல்ல செருப்போ ஷூவோ இருந்தால் போதும். ஏசி கடுமையாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வையும் இருவருக்கும் காலுறையும் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். நம் பக்கத்திலிருந்து முதன்முறையாகப் போகும் பெரியவர்கள் வாசலுக்குப் பக்கத்து சோபாவின் நுனியில் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் முன்னதாகவே விமானம் ஏறும் 'கேட்' வாசலுக்குப் போய்விடுகிறார்கள். எதிலும் விலை எழுதியிருக்காது என்பதால் வருகிற பயம் அது. வெளியே வரும்போது பில் நீட்டுவார்களோ என்று நினைத்துக்கொண்டே சாப்பிடாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு விதியைச் சொல்லி அனுப்புங்கள்: விலை எழுதி வைத்திருக்கும் பொருளுக்குத்தான் காசு, மற்ற எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். துபாய் லவுஞ்சுக்குள்ளேயே வாசனைத் திரவியம், மது விற்கும் கடை உண்டு. அங்கே விலை ஒட்டியிருக்கும். ஸ்பாவில் நீண்ட மசாஜுக்கு விலைப்பட்டியல் இருக்கும். அந்த இரண்டையும் விட்டால் சாப்பாடு, காபி, குளியல், படுக்க இடம், வைஃபை எல்லாம் அவர்களுடையதுதான்.

அடுத்து, எந்த ஊரில் எந்த லவுஞ்ச் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பு டிக்கெட் இருந்தால் எல்லா விமான நிலையத்திலும் முதல் வகுப்பு லவுஞ்ச் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதுரையிலிருந்து கிளம்பும் எந்த விமானத்திலும் முதல் வகுப்பு என்பதே கிடையாது. மதுரை–சென்னை தனி டிக்கெட் என்பதால் எமிரேட்ஸ் டிக்கெட்டைக் காட்டி மதுரையில் எந்த லவுஞ்சையும் கேட்க முடியாது. உள்நாட்டு லவுஞ்சுகள் வங்கி கார்டுக்கானவை. கார்டைத் தேய்த்தால் சரிபார்ப்புக்கு 2 ரூபாயோ 25 ரூபாயோ எடுத்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். இப்போது பல வங்கிகள் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று மாற்றிவிட்டன. அப்பாவின் கார்டில் அந்த வசதி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய வாரமே வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள். அங்கே போய் நின்று கார்டு செல்லவில்லை என்று திரும்புவது அவருக்குத் தேவையில்லாத மனக்கஷ்டம். அங்கேயே திரும்பிவிட்டால் துபாய் லவுஞ்ச் வாசலுக்கும் தயங்கித்தான் போவார்.

சென்னையில் எமிரேட்ஸ் செக்-இன் கவுன்டர்களில் முதல் வகுப்புக்குத் தனி வரிசை இருக்கும். அங்கேயே இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். லவுஞ்ச் அழைப்புச் சீட்டு தருவார்களா, போர்டிங் பாஸ் மட்டும் போதுமா என்று அந்தக் கவுன்டரிலேயே கேட்டுவிட வேண்டும். சீட்டு கொடுத்தால் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். சென்னையில் கிடைக்கும் லவுஞ்சைப் பார்த்து ஏமாந்துபோக வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். விமான நிறுவனங்கள் முதல் வகுப்புக்கென்று தனி லவுஞ்ச் வைத்திருப்பது பெரும்பாலும் தங்கள் தலைமை நிலையத்தில்தான். வெளியூர்களில் முதல் வகுப்பும் பிசினஸ் வகுப்பும் ஒரே இடம். பல ஊர்களில் கார்டுக்காரர்களும் அதே இடத்தில்தான். கூட்டம் இருக்கும், பஃபே தட்டு காலியாக இருக்கும். சென்னையில் இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை முடித்துவிட்டு உட்கார ஓர் இடம் என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டால் சரி. உண்மையான முதல் வகுப்பு லவுஞ்ச் துபாயில்தான்.

சென்னைக்குப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி டிக்கெட் என்றால் மதுரை விமானம் தாமதமானால் எமிரேட்ஸ் பொறுப்பேற்காது, பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டும். சென்னையில் இறங்குவதற்கும் துபாய் விமானம் கிளம்புவதற்கும் நடுவே ஆறு மணி நேரமாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூட. முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற்றிவிடுவதும் நல்ல யோசனைதான். அப்படியானால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து விமான நிலையம் பக்கம். எமிரேட்ஸ் முதல் வகுப்புக்கு வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குக் கார் வசதி உண்டு. ஆனால் அதற்குத் தூர வரம்பு இருப்பதால் திருமங்கலத்துக்கு வராது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், உங்கள் டிக்கெட்டுக்கு அந்த வசதி இருக்கிறதா என்று இணையதளத்தில் 'புக்கிங்' பக்கத்தில் பார்த்து, குறைந்தது 12 மணி நேரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது துபாய். இறங்கியதும் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பலகையைத்தான் பிடித்துப் போக வேண்டும். 'அரைவல்ஸ்' பக்கம் போனால் இமிக்ரேஷன் வரிசையில் போய் நிற்பார்கள். இடைவழிப் பயணிகளுக்கு மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. சென்னையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் அங்கே போய்விடும். அதன்பிறகு திரையில் நியூயார்க் விமானத்தின் கேட் எண்ணைப் பார்க்க வேண்டும். எமிரேட்ஸ் இருக்கும் மூன்றாம் டெர்மினல் ஏ, பி, சி என்று கான்கோர்ஸ்களாகப் பிரிந்திருக்கிறது. கேட் எண்ணின் முதல் எழுத்து எதுவோ அந்தக் கான்கோர்ஸ். ஏ, பி இரண்டிலும் முதல் வகுப்பு லவுஞ்ச் தனித்தனியாக இருக்கிறது. கேட் எங்கேயோ அங்கே இருக்கும் லவுஞ்சுக்கே போவது நல்லது. ஏ-க்கும் பி-க்கும் நடுவே ரயிலில் போக வேண்டும். லிஃப்ட், ரயில், நடை எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ கான்கோர்ஸ் 2013-இல் ஏ380 என்ற இரண்டடுக்குப் பெரிய விமானங்களுக்கென்றே கட்டித் திறந்தது. அங்கே முதல் வகுப்பு லவுஞ்ச் ஒரு முழுத் தளம். பிசினஸ் லவுஞ்ச் வேறொரு தளம். பல பேருக்கு நடக்கும் ஒரு தவறு இங்கேதான்: லிஃப்டில் தளம் மாறி இறங்கி பிசினஸ் லவுஞ்சுக்குள் போய்விடுவார்கள். முதல் வகுப்பு போர்டிங் பாஸ் அங்கேயும் செல்லும் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள், உங்கள் இடம் இதுவல்ல என்று சொல்லவும் மாட்டார்கள். கூட்டத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று வந்துவிடுவார்கள். வாசல் பலகையில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பலகையின் படத்தை அப்பாவின் போனில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நுழைவார்.

வீல்சேர் விஷயம் இதைவிட முக்கியம். வீல்சேர் தள்ளும் ஊழியர்கள் ஒரே நேரத்தில் பல பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் வழக்கமாக எல்லாரையும் கேட்டுக்கு அருகில் உள்ள பொதுக் காத்திருப்பு இடத்தில் கொண்டுபோய் வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வகுப்புப் பயணி என்பது போர்டிங் பாஸைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும். விமானத்தை விட்டு இறங்கி நாற்காலியில் உட்காரும் அந்த நொடியிலேயே போர்டிங் பாஸை நீட்டி, "ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச், ப்ளீஸ்" என்று அம்மாவோ அப்பாவோ சொல்லியாக வேண்டும். துபாயில் தள்ளுகிறவர் இந்தியராக இருக்க வாய்ப்பு அதிகம். மலையாளியாக இருந்தால் தமிழிலேயே சொல்லலாம். லவுஞ்சில் கொண்டுவந்து விட்டதும் அவர் போய்விடுவார். அப்போது ரிசப்ஷனில், கேட்டுக்கு மறுபடி எத்தனை மணிக்கு வீல்சேர் வேண்டும் என்று சொல்லி எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கடைசி நேரத்தில் ஆள் தேடுவார்கள்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை குளியலுக்குப் பெயர் கொடுப்பது. சாப்பிட்டுவிட்டுக் குளிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் விடியற்காலை நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள். துபாயில் நள்ளிரவிலிருந்து காலை வரை விமானங்கள் குவியும் நேரம், ஷவர் அறைகளுக்கு அப்போதுதான் தட்டுப்பாடு. ஒருவருக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறை தயாரானதும் வந்து கூப்பிடுவார்கள். துண்டு, சோப்பு, ஷாம்பு அறையிலேயே இருக்கும். பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, சீப்பு இல்லாவிட்டால் கேட்டால் தருவார்கள். மாற்றுத் துணியைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் அது நேரே நியூயார்க் போய்விடும், குளித்தும் பழைய துணிதான். ஆளுக்கு ஒரு செட் உடுப்பும் ஈரத்துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பையும் கைப்பையில் இருக்கட்டும்.

ஷவர் திருகைப் பற்றிக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு பிடி இருக்கும். ஒன்று தண்ணீர் தலைக்கு மேலிருந்து வருவதா, கைக்குழாயில் வருவதா என்று மாற்றுவது. இன்னொன்று சூடு. சூட்டுப் பிடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தால் அதை அழுத்தித் திருப்பினால்தான் சுமார் 38 டிகிரிக்கு மேல் போகும். அதைத் தொடாமல் இருந்தால் சுட்டுக்கொள்ள வழியில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டித் திறந்து, சூடு சரியானதும் உள்ளே போக வேண்டும். நேராக அடியில் நின்று திறந்தால் முதலில் குளிர்ந்த நீர் தலையில் கொட்டும். முழங்கால் வலிக்காரர் திடுக்கிட்டு வழுக்குவது அப்போதுதான். அம்மாவுக்கு உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் வேண்டுமென்றால் முதலிலேயே கேட்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் கைப்பிடியும் இருக்கையும் இருக்கும். அறையில் சிவப்புக் கயிறு தொங்கினால் அது அவசர அழைப்பு மணி, துணி காயப்போடுவதற்கல்ல. கழிப்பறையில் வளைகுடா நாடுகளில் நம் ஊர் போலவே கைக்குழாய் இருக்கும். நியூயார்க்கில் காகிதம்தான். அதற்கு மனதளவில் தயாராக இருக்கட்டும்.

நியூயார்க் போகும் ஏ380-இல் முதல் வகுப்புக்கு விமானத்திலேயே ஷவர் இருக்கிறது, ஐந்து நிமிடம் தண்ணீர் வரும். அதைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அப்பா ஆசைப்பட்டால் போகட்டும். அம்மாவுக்கு லவுஞ்சிலேயே குளித்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆடுகிற விமானத்தில் ஈரத் தரை முழங்காலுக்கு ஆகாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் வகுப்பு லவுஞ்சில் பஃபேயும் இருக்கும், உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் சாப்பாட்டு அறையும் இருக்கும். பிசினஸ் லவுஞ்சிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதே இந்த அறைதான். பெரியவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். மேசையில் உட்கார்ந்தால் மெனு வரும். அளவு சிறியதாக இருக்கும். இரண்டு மூன்று வகை கேட்பது அங்கே சாதாரணம், ஒன்று பிடிக்காவிட்டால் வேறு கேட்பதும் சாதாரணம். தண்ணீர் கேட்டால் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்பார்கள். 'ஸ்டில்' என்றால் சாதாரணத் தண்ணீர். தெரியாமல் தலையாட்டினால் சோடா வரும். கையால் சாப்பிடலாம், துபாயில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அம்மாவின் சைவத்தை 'வெஜிடேரியன்' என்ற ஒரே சொல்லில் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் அந்தச் சொல்லுக்குள் முட்டையும் அடங்கும். "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். சீசர் சாலட்டில் நெத்திலி மீன் உண்டு. தாய்லாந்துக் குழம்புகளில் மீன் சாறு சேரும். கேக், பேஸ்ட்ரி எல்லாம் முட்டை, அசையும் பளபளப்பான புட்டிங்கில் ஜெலட்டின். பயமில்லாமல் சாப்பிடக்கூடியது எது என்றால் அரபு வகைகள்: ஹம்முஸ், பொரித்த கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபல், நறுக்கிய பார்ஸ்லியும் தக்காளியும் சேர்ந்த தபூலே, லப்னே என்ற கெட்டித் தயிர், கூடவே சுட்ட ரொட்டி. பருப்பும் சோறும் பெரும்பாலும் இருக்கும். எதுவும் பிடிக்கவில்லை என்றால் "ப்ளெய்ன் ரைஸ், ப்ளெய்ன் யோகர்ட், லிட்டில் சால்ட்" என்று கேட்டால் தயிர்ச்சாதம் தயார். கைப்பையில் ஒரு சிறு ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டு போகலாமா என்றால், ஊறுகாய் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் மாட்டும். பெட்டியில் போட்டுவிடுங்கள், கையில் வேண்டாம்.

காபிக்கு ஒரு வழி. மெஷின் காபி அப்பாவுக்குத் தண்ணீராகத் தெரியும். "டபுள் எஸ்பிரெஸோ, ஹாட் மில்க் செப்பரேட்" என்று கேட்டு, தானே கலந்து சர்க்கரை போட்டுக்கொண்டால் ஓரளவு நம் டிகாக்‌ஷன் பதம் வரும். டீ என்றால் வளைகுடாவில் 'கரக்' கேட்கட்டும். பாலில் கொதிக்க வைத்து ஏலம் போட்ட ஸ்ட்ராங் டீ, நம் ஊர் டீக்கடைச் சுவைக்குப் பக்கத்தில் நிற்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கை, விமானத்துச் சாப்பாட்டைப் பற்றியது. டிக்கெட்டில் சிறப்பு உணவு தேர்வு செய்யும்போது 'ஹிந்து மீல்' என்று ஒன்று இருக்கும், அதன் குறியீடு எச்என்எம்எல். பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பி அதைத் தட்டிவிடுகிறவர்கள் ஏராளம். அது அசைவம், மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரும். இந்தியச் சைவத்துக்குக் குறியீடு ஏவிஎம்எல். முட்டை சேர்க்காமல் நம் மசாலாவில் செய்வது அதுதான். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பாவது பதிந்திருக்க வேண்டும், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விமானத்துக்குப் பதிந்தது லவுஞ்சுக்குத் தெரியாது. லவுஞ்சில் வாயால்தான் சொல்ல வேண்டும்.

லவுஞ்சில் ஷாம்பெயின் தண்ணீராக ஓடும். அடுத்து 14 மணி நேரத்துக்கு நெருங்கிய பயணம், வறண்ட காற்று. அப்பா மது அருந்துகிறவராக இருந்தாலும் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டால் கால் வீக்கமும் தலைவலியும் குறையும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் மணியைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்த்துப் போடும் மாத்திரை எது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். லவுஞ்சில் சாப்பாடு எந்த நேரத்திலும் கிடைப்பதால் இதில் சிக்கல் வராது.

தூங்குவதற்கு மங்கிய வெளிச்சத்தில் சாய்வு நாற்காலி, போர்வை உள்ள தனிப் பகுதி இருக்கும். இங்கேதான் விமானம் தவறும் ஆபத்து. பெரிய முதல் வகுப்பு லவுஞ்சுகளில் ஒலிபெருக்கி அறிவிப்பு இருக்காது, அமைதி கெடக்கூடாது என்பதற்காக. யாராவது வந்து எழுப்புவார்கள் என்று நம்பிப் படுக்கக்கூடாது. ரிசப்ஷனில் எழுப்பிவிடச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், அதோடு போனில் அலாரமும் வைக்க வேண்டும். ரோமிங் இல்லாத போன் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அப்பாவின் கைக்கடிகாரத்தில் 10 மணி என்றால் அங்கே 8.30. இந்தப் பிழை பாதுகாப்பான பக்கம் சாயும், சீக்கிரம் போய் நிற்பார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு நேர்மாறு. அங்கே நேரம் இரண்டரை மணி முன்னால், இந்தியக் கடிகாரத்தை நம்பினால் விமானம் போய்விட்டிருக்கும். போர்டிங் பாஸில் அச்சாகியிருப்பது எப்போதும் உள்ளூர் நேரம். எமிரேட்ஸ் கேட் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடும். அமெரிக்கா போகும் விமானத்துக்கு கேட்டில் இன்னொரு சோதனை உண்டு, பையைத் திறந்து பார்ப்பார்கள். வீல்சேரும் சேர்ந்தால் புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன் லவுஞ்சை விட்டுக் கிளம்புவதுதான் நிம்மதி. ஏ கான்கோர்ஸில் ஏ380 ஏறுகிறவர்கள் லவுஞ்ச் தளத்திலிருந்தே நேராக விமானத்துக்குப் போக வழி உண்டு. அன்றைய கேட்டுக்கு அது பொருந்துமா என்று ரிசப்ஷனில் கேட்டால் அம்மாவுக்கு நடை மிச்சம்.

உங்களோடு போனில் பேச வைஃபை வேண்டுமே. விமான நிலையப் பொது வைஃபையோ லவுஞ்ச் வைஃபையோ, இணைப்பு வராவிட்டால் போனை ரிசப்ஷனில் நீட்டிவிடட்டும், அவர்களே போட்டுத் தருவார்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் பழக்கிவிடுங்கள்; துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு, மணி அடித்தும் பேச முடியாமல் போனால் இரு பக்கமும் பதற்றம். செய்தியும் படமும் தடையில்லாமல் போகும். சார்ஜர் இன்னொரு தொல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் பிளக் பாயின்ட் செவ்வகத் துளை மூன்று கொண்டது, நம் உருண்டைப் பின் அதில் நுழையாது. யுஎஸ்பி துளை நாற்காலிப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் சார்ஜர் கேபிளைத் தனியாகக் கையில் வைத்திருக்கட்டும், அடாப்டரை ரிசப்ஷனில் இரவல் கேட்கலாம்.

டிப்ஸ் துபாயில் எதிர்பார்க்க மாட்டார்கள். நன்றி சொன்னால் போதும்.

லவுஞ்சில் கூடையில் ஆப்பிள், வாழைப்பழம் அழகாக அடுக்கியிருக்கும். வழியில் சாப்பிடலாம் என்று அம்மா இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். விமானத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டால் சரி. மறந்துபோய் நியூயார்க்கில் இறங்கி, சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள். அமெரிக்காவில் பழம், இறைச்சி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

அடுத்த முறை வேறு நிறுவனத்தில் போட நினைத்தால் தெரிந்துகொள்ள இது. பிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004 முதல் முதல் வகுப்புக்கென்றே தனிக் கட்டடம் வைத்திருக்கிறது. பாதுகாப்புச் சோதனையும் பாஸ்போர்ட் சோதனையும் அங்கேயே, விமானத்தடிக்குக் காரில் கொண்டுபோய் விடுவார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டைப் பார்ப்பது அரிது. சிங்கப்பூரில் மூன்றாம் டெர்மினலில் 'தி பிரைவேட் ரூம்' என்ற லவுஞ்ச், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த முதல் வகுப்புப் பயணிகளுக்கும் 'சூட்' என்ற தனியறைப் பயணிகளுக்கும் மட்டும். அதன் கூட்டணியில் இருக்கும் வேறு விமான நிறுவனத்து முதல் வகுப்புக்காரரை அங்கே விடமாட்டார்கள். தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் அல் சஃப்வா லவுஞ்சும் முதல் வகுப்பு டிக்கெட்டுக்குத்தான், கத்தார் பிசினஸ் டிக்கெட்டில் எவ்வளவு உயர்ந்த உறுப்பினர் அட்டை வைத்திருந்தாலும் பலிக்காது. மற்றபடி ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் எமரால்டு நிலை உறுப்பினருக்குப் பல முதல் வகுப்பு லவுஞ்சுகள் திறக்கும், ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியின் கோல்டு நிலை உறுப்பினருக்கு அப்படி இல்லை. மதுரையிலிருந்து கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் போவது ஊர்க்காரர்களுக்கு வசதி. ஆனால் அந்த நிறுவனத்தில் முதல் வகுப்பே கிடையாது, பிசினஸ் லவுஞ்ச்தான்.

ஒரு தாளில் தமிழ் எழுத்தில் இந்த வரிகளைப் பெரிதாக எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்: 'ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச், ப்ளீஸ்.' 'ஷவர், டூ பெர்சன்ஸ்.' 'நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்.' 'வீல்சேர் டு கேட்', அதற்குப் பக்கத்தில் மணி. மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் உங்கள் பெயரும் போன் எண்ணும். படிக்கத் தயங்கினால் தாளையே நீட்டும்படி, அதே வரிகளை ஆங்கில எழுத்திலும் கீழே எழுதிவிடுங்கள்.

திரும்பி வரும்போது நியூயார்க் ஜேஎஃப்கே-யில் நான்காம் டெர்மினலில் எமிரேட்ஸுக்குச் சொந்த லவுஞ்ச் உண்டு. முதல் வகுப்பும் பிசினஸும் அங்கே ஒன்றாகத்தான். நீங்கள் வழியனுப்பப் போனாலும் சோதனைக்கு அப்பால் உங்களை விடமாட்டார்கள் என்பதால், வீல்சேரை செக்-இன் கவுன்டரிலேயே உறுதிசெய்து, லவுஞ்ச் என்பதை நீங்களே ஊழியரிடம் சொல்லி அனுப்பிவிடுங்கள். சென்னையில் இறங்கிய பிறகு லவுஞ்ச் எதுவும் கிடையாது. பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, உள்நாட்டு டெர்மினலுக்குப் போய் மதுரை விமானம் பிடிக்க வேண்டும். துபாய் விமானம் அதிகாலை வந்தால் மதுரைக்குக் காலையின் முதல் விமானத்தைப் போடாதீர்கள், அதற்கடுத்ததைப் போடுங்கள்.